லிங்கன் அனுப்பாமல் வைத்த கடிதங்கள்

வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் ஓர் உறை இருக்கிறது. அதன் மேல் ஆபிரகாம் லிங்கன் தம் கையால் எழுதிய ஒரு வரி: "ஜெனரல் மீடுக்கு. அனுப்பவில்லை, கையெழுத்திடவும் இல்லை." கடிதத்தின் தேதி 1863 ஜூலை 14.

வட மாநிலங்களும் பிரிந்துபோன தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம் அது. அந்த மாதம் முதல் மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க்கில் பெரும்போர் நடந்தது. வடபடைத் தளபதி மீட் வென்றார். தோற்ற தென்படைத் தளபதி லீ தம் படையோடு பின்வாங்கி போட்டோமாக் ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம். பல நாட்கள் அவரால் கடக்க முடியவில்லை. மீட் அங்கே பாய்ந்து தாக்கியிருந்தால் போரே முடிந்திருக்கும் என்பது லிங்கனின் எண்ணம். மீட் தயங்கினார். 13ஆம் தேதி இரவு லீயின் படை அக்கரை சேரத் தொடங்கியது, மறுநாள் தப்பிவிட்டது. குடியரசுத் தலைவருக்குக் கடும் அதிருப்தி என்று தலைமைத் தளபதி ஹாலெக் தந்தி அடித்தார். மனம் புண்பட்ட மீட், தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் லிங்கன் பேனாவை எடுத்தார்.

கடிதம் நன்றியோடு தொடங்குகிறது. கெட்டிஸ்பர்க்கில் நீங்கள் பெற்றுத்தந்த வெற்றிக்கு மிக மிக நன்றியுடையவன், உங்களுக்குச் சிறு வலியையும் தருபவனாக இருக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்கிறார். பிறகு வரிக்கு வரி சூடேறுகிறது. லீ உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், அவரை மடக்கியிருந்தால் போர் முடிந்திருக்கும், இப்போது அது எவ்வளவு காலம் நீளுமோ என்று எழுதுகிறார். "உங்கள் பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அதனால் அளவிட முடியாத துயரத்தில் இருக்கிறேன்." எழுதி முடித்து மடித்து உறையில் போட்டு, அந்த ஒரு வரியை எழுதி வைத்துவிட்டார். போர் முடியும்வரை அந்தப் படைக்கு மீட்தான் தளபதி.

நான் பணிக்காலம் முழுவதும் வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் கோப்புகளோடு வாழ்ந்தவன். எங்கள் கணக்கில் கோப்புகளுக்கு ஆயுள் உண்டு. எல்.டிஸ் என்றால் ஓராண்டு, கே.டிஸ் மூன்று, டி.டிஸ் பத்து, ஆர்.டிஸ் நிரந்தரம். ஆனால் அனுப்பாத கடிதத்துக்கு இந்த நான்கில் எதிலும் இடமில்லை. அது அனுப்புகைப் பதிவேட்டில் ஏறாது, எண் வாங்காது, கிழித்துப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமை எழுத்தர் ஒன்று சொல்வார்: "தம்பி, செம்மை நகல் வெளியே போய்விடும். அதிகாரி என்ன நினைத்தார் என்பது வரைவில்தான் இருக்கும். வரைவைக் கிழிக்காதே." லிங்கனின் தாள்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு அவர் சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது. போய்ச் சேர்ந்த கடிதங்களைப் படித்தால் ஒரு குடியரசுத் தலைவரைப் பார்க்கலாம். போகாமல் நின்ற கடிதங்களைப் படித்தால்தான் அந்த மனிதர் தம்மோடு எப்படி வாதாடினார் என்று தெரிகிறது.

இதைவிடப் பழைய ஒரு சான்று 1861 ஏப்ரல் 1ஆம் தேதியில் இருக்கிறது. லிங்கன் பதவியேற்று ஒரு மாதம்கூட நிறைவடையவில்லை. வெளியுறவு அமைச்சர் சீவர்டு அவருக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார். அரசுக்கு இன்னும் ஒரு கொள்கை இல்லை, ஸ்பெயினிடமும் பிரான்சிடமும் விளக்கம் கேட்கலாம், பதில் திருப்தியாக இல்லை என்றால் போர் அறிவிக்கலாம், எந்தக் கொள்கையானாலும் அதை முன்னின்று நடத்த ஒருவர் வேண்டும் என்கிறார். அந்த ஒருவர் தாமாகவும் இருக்கலாம் என்ற குறிப்பு அதில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. கட்சிக்குள் லிங்கனைவிடப் புகழ்பெற்றவர் சீவர்டு. வேட்பாளர் தேர்வில் லிங்கனிடம் தோற்றவரும் அவரே. லிங்கன் அன்றே பதில் எழுதினார். ஒவ்வொரு அம்சத்துக்கும் அமைதியாக விடை சொல்லி, இது செய்யப்பட வேண்டும் என்றால் நான்தான் செய்ய வேண்டும் என்று முடிக்கிறார். அந்தப் பதில் லிங்கனின் தாள்களுக்குள்ளேயே இருந்ததால், அவர் அதை அனுப்பாமல் நேரில் பேசித் தீர்த்திருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த விஷயம் வெளியுலகுக்குத் தெரியாது. சீவர்டு இறுதிவரை லிங்கனின் நெருங்கிய துணையாக இருந்தார். அந்தக் கடிதம் அன்று செய்தித்தாள்களுக்குப் போயிருந்தால் அமைச்சரவையே உடைந்திருக்கும்.

இவ்வளவு கவனமாகச் சொல்லைத் தடுத்துவைத்த லிங்கன், தாள்களைக் காப்பதில் மட்டும் அப்படி ஒன்றும் ஒழுங்கானவர் அல்லர். ஸ்பிரிங்ஃபீல்டில் வழக்கறிஞராக இருந்தபோது உயரத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொள்வார். 1850இல் ஒருவருக்குத் தாமதமாகப் பதில் எழுதியபோது, உங்கள் கடிதத்தைப் பழைய தொப்பியில் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கினேன், பழையதை ஒதுக்கியதில் கடிதமும் கண்ணில் படாமல் போயிற்று என்று காரணம் சொல்கிறார். அலுவலகத்தில் ஒரு கட்டின்மேல், வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் தேடவும் என்று எழுதி வைத்திருந்தாராம். வாஷிங்டனுக்குப் புறப்படும்போது ஒரு பை நிறையத் தாள்களை உறவினர் வீட்டில் விட்டுச் சென்றார். அதில் பெரும்பகுதியை அந்த வீட்டு வேலைக்காரப் பெண் எரித்துவிட்டார். அவர் இளம் வயதில் எழுதிப் பார்த்தவை அதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அந்தப் பயணத்திலேயே இன்னொரு கண்டம் வந்தது. பதவியேற்பு உரையின் அச்சிட்ட படிகளை ஒரு கைப்பையில் வைத்து 17 வயது மகன் ராபர்ட்டிடம் கொடுத்திருந்தார். இண்டியானாபொலிஸ் ஹோட்டலில் கூட்டநெரிசலில் ராபர்ட் அந்தப் பையை வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். லிங்கன் தாமே மேசைக்குப் பின்னால் போய்க் குவிந்து கிடந்த பைகளில் தேடிக் கண்டெடுத்தார். இது செயலாளர் நிக்கொலே வழியாக வந்த செய்தி. அன்று பையைத் தவறவிட்ட அதே ராபர்ட்தான் பிற்பாடு தந்தையின் தாள்களை வாழ்நாள் முழுவதும் காத்தார்.

போகட்டும் என்று லிங்கன் தாமே கொடுத்தவையும் உண்டு. அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தின் இறுதி வரைவு அவர் கையெழுத்திலேயே இருந்தது. காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட 1863இல் சிகாகோவில் பெண்கள் ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். அவர்கள் கேட்டதும் அதை அனுப்பிவைத்தார். இதை வைத்துக்கொள்ள எனக்குச் சற்று ஆசை இருந்தது, ஆனால் வீரர்களின் துயர் துடைக்க உதவுமென்றால் அதுவே நல்லது என்று உடன் எழுதினார். 3,000 டாலருக்கு விலைபோயிற்று. கடைசியில் சிகாகோ வரலாற்றுச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1871 அக்டோபரில் நகரமே எரிந்தபோது சாம்பலாயிற்று. ஆனால் அந்தப் பிரகடனத்தின் முதல் வரைவு, 1862 ஜூலை 22 அன்று அமைச்சரவையில் அவர் படித்துக் காட்டியது, காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒரு போர்வெற்றி வரும்வரை பொறுங்கள், இல்லையென்றால் தோற்றவனின் கடைசிக் கூக்குரல் போலத் தோன்றும் என்று சீவர்டு ஆலோசனை சொன்னார். அதைக் கேட்டு லிங்கன் அந்த வரைவையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இரண்டு மாதம் காத்திருந்தார். செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போர். 22இல் முன்னறிவிப்புப் பிரகடனம் வெளிவந்தது.

காங்கிரஸ் நூலகத்தின் லிங்கன் தாள்கள் தொகுப்பில் உள்ள சுமார் 40,000 ஆவணங்களில் பெரும்பாலானவை லிங்கன் எழுதியவை அல்ல, அவருக்கு வந்தவை. தபாலைப் பிரிப்பதற்கென்றே ஸ்டாடர்டு என்ற செயலாளர் இருந்தார். நிக்கொலேயும் ஹேயும் அவருக்கு மேல். லிங்கன் தமக்கு வந்த கடிதங்களில் ஐம்பதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை என்று ஹே பின்னாளில் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டு யாரும் லிங்கனைக் குறைசொல்ல வேண்டாம். அன்றாடம் குவிகிற மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஐம்பதில் ஒன்றின் அருமை தெரியும்.

2018இல் நூலகம் இந்தக் கடிதங்களைப் பெயர்த்தெழுதப் பொதுமக்களை அழைத்தது. இல்லினாய் மாநில நாக்ஸ் கல்லூரி அறிஞர்கள் அதற்கு முன்பே பல ஆயிரம் ஆவணங்களை முடித்திருந்தார்கள். மிச்சத்துக்குத்தான் இந்த அழைப்பு. உலகில் எங்கிருந்தும் யாரும் ஒரு பக்கத்தைத் திரையில் திறந்து எழுதலாம், இன்னொருவர் சரிபார்ப்பார். நானும் சில பக்கங்கள் எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தக் கூடாது, உள்ளது உள்ளபடியே எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. சான்றிட்ட நகல் எடுத்துப் பழகிய கைக்கு அது சொந்த ஊருக்குப் போனது போல இருந்தது. தபால் நிலைய வேலை கேட்பவர்கள், மகனைப் படையிலிருந்து விடுவிக்கச் சொல்பவர்கள், போரை எப்படி நடத்துவது என்று பாடம் எடுப்பவர்கள், ஜெபம் செய்வதாகச் சொல்பவர்கள். மூன்றாக மடித்த தாளின் முதுகில் செயலாளர் எழுதிய பெயரும் தேதியும் சுருக்கமும். நாடு மாறினாலும் தபால் மேசையின் வேலை மாறுவதில்லை.

1864 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநிலம் கான்கார்டு ஊரின் 195 சிறுவர் சிறுமியர் கையெழுத்திட்டு ஒரு மனு அனுப்பினார்கள். இந்த நாட்டில் அடிமையாக இருக்கும் சிறு குழந்தைகள் எல்லோரையும் விடுவியுங்கள் என்பதே கோரிக்கை. அதை அனுப்பிவைத்தவர் மேரி மான் என்ற ஆசிரியை. லிங்கன் பதில் எழுதினார். அவர்கள் கேட்பதையெல்லாம் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, ஆனால் கடவுளுக்கு உண்டு என்பதை அவர்கள் நினைவில் கொள்வார்கள் என நம்புகிறேன், அவர் அதைச் செய்யச் சித்தம்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது என்றார். அந்தப் பதில் தனியார் கைகளில் சுற்றி, 2008இல் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்கு விற்றது. குழந்தைகளின் மனு காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இரண்டில் பெரியது மனுதான்.

எல்லாக் கடிதமும் இந்தத் தொகுப்பில் தங்கவில்லை. துறைக்கு அனுப்ப வேண்டியதைத் துறைக்கு அனுப்பிவிட்டார்கள், அவை தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தந்தத் துறையின் கட்டுகளில் இருக்கின்றன. என் மனத்தை விட்டு அகலாத ஒரு கடிதம் அப்படித்தான் அங்கே கிடைத்தது. 1864 ஆகஸ்ட் 25, மேரிலாந்திலிருந்து ஆன்னி டேவிஸ் என்ற அடிமைப்பெண் எழுதியது. நான் விடுதலையாக விரும்புகிறேன், கிழக்குக் கரையில் உள்ள என் சொந்தங்களைப் பார்க்கப் போக வேண்டும், எஜமானி விடமாட்டேன் என்கிறாள், நாங்கள் விடுதலையானவர்களா இல்லையா என்று தயவுசெய்து தெரியப்படுத்துங்கள், இந்த வாரமே பதில் அனுப்புங்கள் என்று கேட்கிறார். மேரிலாந்து ஒன்றியத்தை விட்டுப் பிரியாத மாநிலம் என்பதால் பிரகடனம் அங்கே செல்லாது. சட்டப்படி அன்று அவருக்குச் சொல்ல வேண்டிய விடை, இல்லை என்பதே. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மேரிலாந்தின் புதிய அரசமைப்பு அடிமைமுறையை ஒழித்தது.

இனி ராபர்ட். இவரைப் பற்றிக் கோபமாக எழுதுகிறவர்கள் அதிகம். நான் அவர் பக்கம்.

1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டதும் நிக்கொலேயும் ஹேயும் தாள்களைப் பெட்டிகளில் அடைத்தார்கள். குடும்பச் சொத்தை நிர்வகித்த நீதிபதி டேவிட் டேவிஸின் பொறுப்பில் அவை இல்லினாயின் புளூமிங்டனுக்குப் போயின. 1874இல் லிங்கனின் வரலாற்றை எழுதுவதற்காக ராபர்ட் அவற்றை நிக்கொலேயிடம் ஒப்படைத்தார். நிக்கொலே 1901இலும் ஹே 1905இலும் இறந்தபின் பெட்டிகள் ராபர்ட்டிடம் திரும்பின. அவர் இடம் மாறியபோதெல்லாம் அவையும் கூடவே மாறின. 1919இல் காங்கிரஸ் நூலகத்தில் கொண்டுவந்து வைத்தார். 1923இல் தானப்பத்திரம் எழுதினார், ஒரு நிபந்தனையோடு: தாம் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை திறக்கக் கூடாது. உயிரோடு இருப்பவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நோகடிக்கும் செய்திகள் இருக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். லிங்கன் வரலாறு எழுத முனைந்த பெவரிட்ஜ் என்ற முன்னாள் செனட்டர் கேட்டும் காட்டவில்லை.

வரலாற்றாசிரியர்களுக்கு இது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் தாள்கள் அவருடைய சொந்தச் சொத்து. அவை நாட்டுக்குரியவை என்று சட்டம் வந்ததே 1978இல்தான், அதுவும் 1981 ஜனவரியில் ரீகன் பதவியேற்றதிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. மற்றக் குடியரசுத் தலைவர்களின் கதையைப் பாருங்கள். செஸ்டர் ஆர்தர் இறப்பதற்குச் சற்று முன் தம் தாள்களில் பெரும்பாலானவற்றை எரிக்கச் செய்தார். மில்லர்டு ஃபில்மோரின் மகன், தந்தையின் தாள்களை அழித்துவிட வேண்டும் என்று உயிலிலேயே எழுதினார். வாரன் ஹார்டிங்கின் மனைவியும் ஒரு பகுதியைத் தீயிலிட்டார். ராபர்ட்டுக்கும் அந்த உரிமை முழுமையாக இருந்தது. அவரும் தாள்களை எரித்தார் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. ஆனால் சீவர்டின் குறிப்பும் மீடின் கடிதமும் போலப் பெரியவர்களைச் சங்கடப்படுத்தும் தாள்களே அங்கே முழுசாக இருக்கும்போது, அந்தக் கதையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பூட்டியவரை எரித்தவரோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். அனுப்பாத கடிதத்தைக் கிழிக்காமல் உறையில் போட்டு வைத்த தந்தையின் சுபாவம் அப்படியே மகனிடம் இருந்திருக்கிறது.

ராபர்ட் 1926 ஜூலை 26 அன்று இறந்தார். 1947 ஜூலை 26, நள்ளிரவு தாண்டிய முதல் நிமிடத்தில் நூலகத்தில் பெட்டகம் திறக்கப்பட்டது. லிங்கன் ஆய்வாளர்கள் திரண்டிருந்தார்கள், வானொலிக்காரர்களும் வந்திருந்தார்கள். லிங்கன் கொலையில் அவருடைய அமைச்சர்களுக்கே பங்கு உண்டு என்பதற்கு ஆதாரம் உள்ளே இருக்கிறது என்ற வதந்தி பல்லாண்டுகளாகப் பரவியிருந்தது. அப்படி எதுவும் இல்லை. செய்தியாளர்களுக்கு ஏமாற்றம். படிக்கத் தெரிந்தவர்களுக்கு 194 தொகுதிகளாகக் கட்டி வைத்த பெருஞ்செல்வம்.

அதில் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் 1864 ஆகஸ்டின் கடைசி பத்து நாட்களைச் சொல்வேன். 22ஆம் தேதி, கட்சித் தேசியக் குழுவின் தலைவரும் நியூயார்க் டைம்ஸ் ஆசிரியருமான ஹென்றி ரேமண்ட் எழுதுகிறார்: அலை நமக்கு எதிராக வலுவாக அடிக்கிறது. வரும் நவம்பர் தேர்தலில் மாநிலம் மாநிலமாகத் தோல்வியைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். மறுநாள் 23ஆம் தேதி லிங்கன் ஒரு சிறு தாளில் எழுதுகிறார். இந்த அரசு மறுபடி தேர்ந்தெடுக்கப்படாது என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம், அப்படியானால் தேர்தலுக்கும் புதியவரின் பதவியேற்புக்கும் இடையில் அவரோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பது என் கடமை, ஏனென்றால் அதற்குப் பிறகு அவரால் காக்க முடியாத அடிப்படையில்தான் அவர் வென்றிருப்பார். தாளை மடித்து ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே அமைச்சர்களிடம் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். ஏழு பேரும் போட்டார்கள்.

அதே கட்டில் 29ஆம் தேதியிட்ட ஃபிரெடரிக் டக்ளஸின் கடிதம் இருக்கிறது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்து நாடறிந்த தலைவரானவர். பத்து நாள் முன்பு லிங்கன் அவரை அழைத்துப் பேசியிருந்தார். நான் தோற்றால் விடுதலை நின்றுபோகும், அதற்குள் எத்தனை பேரைத் தென்மாநிலங்களிலிருந்து வெளியே கொண்டுவர முடியும் என்பதே பேச்சு. டக்ளஸ் அதற்கான திட்டத்தை எழுதி அனுப்புகிறார்: ஒரு பொது முகவர், அவருக்குக் கீழே உள்ளூர் அறிந்த ஆட்கள், சம்பளம், போர்முனைக்குள் போய்வர அனுமதி. 23ஆம் தேதித் தாளை மட்டும் படிப்பவர், ஒன்றியத்தைக் காப்பது மட்டுமே லிங்கனின் கவலை என்று நினைத்துக்கொள்வார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த நாட்களில் அவர் மனம் இரண்டு பக்கமும் வேலை செய்தது தெரியும். வந்த கடிதங்களையும் சேர்த்து வைத்ததால் கிடைத்த பயன் இது.

டக்ளஸின் திட்டம் தேவைப்படவில்லை. செப்டம்பர் 2இல் தென்மாநில நகரான அட்லாண்டா வடபடையிடம் விழுந்தது, காற்று திசைமாறியது, நவம்பர் 8இல் லிங்கன் வென்றார். 11ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டத்தில் ஒட்டிய தாளை எடுத்துக் கிழியாமல் பிரிக்கச் சொல்லி ஹேயிடம் கொடுத்தார். அவர் வெட்டித்தான் திறக்க முடிந்தது. தோற்றிருந்தால் தேர்தலில் எதிர்த்து நின்ற ஜெனரல் மெக்லெல்லனிடமே போய், வாருங்கள் சேர்ந்து போரை முடிப்போம் என்று கேட்டிருப்பேன் என்றார் லிங்கன். அவர் சரி சரி என்று சொல்லிக்கொண்டே ஒன்றும் செய்யாமல் இருந்திருப்பார் என்றார் சீவர்டு. குறைந்தபட்சம் என் கடமையைச் செய்திருப்பேன் என்று லிங்கன் பதில் சொன்னார்.

இந்த உரையாடல் லிங்கன் தாள்களில் இல்லை. ஹே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. அந்த நாட்குறிப்புகள் ரோட் ஐலண்டில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, அச்சிலும் வந்திருக்கின்றன. இப்போது அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிவு ஹேயைப் பற்றியது.